பந்து உருளுமுன் பணம் உருளும்!

டாக்குரியாவில் கால்பந்துப் பெரும்போட்டி நாளைத் தெரிந்துகொள்ளக் காலண்டர் பார்க்க வேண்டியதில்லை. காலையிலேயே ஒரு சந்தின் முனையில் சிவப்பு - மஞ்சள் கொடி ஏறிவிடும். நாலு வீடு தள்ளிப் பச்சை - மெரூன் கொடி அதற்குப் பதில் சொல்லும். மதியம் ஆனதும் சோனார்பூர், பாருய்ப்பூர் பக்கத்திலிருந்து வரும் லோக்கல் ரயில்களில் முகத்தில் வர்ணம் பூசிய இளைஞர்கள் தொங்கிக்கொண்டு சியால்டா நோக்கிப் போவார்கள். அங்கிருந்து ஸால்ட் லேக் மைதானத்துக்கு இப்போது மெட்ரோ ரயிலும் இருக்கிறது.

மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் நாள் அது. வங்காளிகள் இதை 'டெர்பி' என்கிறார்கள். ஊரிலிருந்து மாற்றலாகிப் புதிதாக வந்த நம்மவர்கள் சிலர், "பந்து விளையாட்டுக்கா இத்தனை அமர்க்களம்?" என்று கேட்பதுண்டு. அவர்களுக்காகச் சுருக்கமாக ஒரு விளக்கம்.

மோகன் பகான் 1889-ல் தொடங்கியது. மேற்கு வங்கத்தின் பழங்குடிகளான 'கொட்டி'களின் கிளப் என்று பெயர். ஈஸ்ட் பெங்கால் 1920-ல் தொடங்கியது. கிழக்கு வங்கத்துக்காரர்களான 'பாங்கால்'களின் கிளப். 1947 பிரிவினையில் வீடு வாசலை விட்டு வந்த அகதிகள் டாக்குரியாவுக்குத் தெற்கே ஜாதவ்பூர், பிஜய்கர் பக்கங்களில் குடியேறிக் காலனி போட்டார்கள். சொந்த மண் போய்விட்டது. பெயரளவில் மிஞ்சியது கால்பந்துக் கிளப் ஒன்றுதான். ஆகவேதான் நம் பகுதியில் சிவப்பு - மஞ்சள் கொடிக்கு இத்தனை செல்வாக்கு. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் வீட்டில் இலிஷ் மீன். மோகன் பகான் ஜெயித்தால் இறால். ஜெயித்த கட்சிக்கு ஏற்றபடி மீன் கடையிலும் விலை ஏறும் என்பது இங்கே நெடுநாளைய பேச்சு.

மக்களுடைய அன்பு இருக்கும் இடத்தில் வியாபாரமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆட்டம் நடப்பது 90 நிமிஷம். அதைச் சுற்றி மூன்று வியாபாரங்கள் வாரக் கணக்கில் நடக்கின்றன: டிக்கெட், விளம்பரம், பந்தயம். இவற்றுள் டிக்கெட்டைத்தான் நாம் சாதாரணமாக நினைத்துவிடுகிறோம். நூறு ரூபாய்ச் சீட்டை ஐந்நூறுக்கு விற்றான், அவ்வளவுதானே என்று விட்டுவிடுகிறோம். ஆனால் இந்த நகரத்தின் அனுபவம் வேறு மாதிரி. டிக்கெட் என்பது பணச் சமாசாரம் மட்டுமல்ல, உயிர்ச் சமாசாரம்.

பெட்டி மேல் நின்று பார்த்த ஆட்டம்

கள்ளச் சந்தை இன்று நேற்றுத் தோன்றியதல்ல. 1911-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி ஐ.எஃப்.ஏ. கேடய இறுதி ஆட்டம் கல்கத்தா மைதானத்தில் நடந்தது. ஒரு பக்கம் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்ட் என்ற வெள்ளைக்காரப் பட்டாளத்துக் குழு. மறுபக்கம் மோகன் பகான். ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்கால். 2-1 என்று மோகன் பகான் ஜெயித்தது. ஷிப்தாஸ் பாதுரி, அபிலாஷ் கோஷ் இருவரும் ஆளுக்கு ஒரு கோல் போட்டார்கள். இந்தியர் குழு ஒன்று அந்தக் கேடயத்தை வென்றது அதுவே முதல் தடவை.

இந்த வெற்றியைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அதைச் சுற்றி நடந்த வியாபாரமும் கவனிக்க வேண்டியதே. ஆட்டத்துக்காக ரயில் கம்பெனி ஸ்பெஷல் வண்டி விட்டது. ஆற்றில் கூடுதல் ஸ்டீமர்கள் ஓடின. டிக்கெட் 1 ரூபாய், 2 ரூபாய். 2 ரூபாய்ச் சீட்டு 15 ரூபாய் வரை போனதாகச் சொல்கிறார்கள். உள்ளே இடம் கிடைக்காதவர்களுக்கு மரப்பெட்டிகளை வாடகைக்கு விட்டார்கள். பெட்டி மேல் ஏறி நின்று தலைகளுக்கு மேலாகப் பார்க்கலாம். அதுவும் முடியாதவர்களுக்காக, என்ன கோல் கணக்கு என்பதைக் காற்றாடியில் எழுதிப் பறக்கவிட்டார்களாம்! பண்டம் விற்றவர்களுக்கும் அன்று நல்ல வியாபாரம்.

இந்த மரப்பெட்டி வியாபாரம் பின்னாளில் வேறு உருவம் எடுத்தது. அட்டையில் கண்ணாடித் துண்டுகளைப் பொருத்திய 'பெரிஸ்கோப்'பை மைதானத்தில் விற்றார்கள். முன்னால் நிற்பவன் எவ்வளவு உயரமாக இருந்தாலும் கவலையில்லை. டிக்கெட் இல்லாதவர்கள் கோட்டைப் பக்கத்து மேட்டில் நின்று பார்த்தார்கள். '60 பைசா காலரி' என்று மூத்த ரசிகர்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். அதற்காகக் காலையிலிருந்தே வரிசை. வரிசை கலைந்தால் குதிரைப் போலீஸ்.

பெரிய ஆட்டங்களைச் 'சாரிட்டி மாட்ச்' என்று அறிவிக்கும் வழக்கமும் வெகுகாலம் இருந்தது. அன்று கிளப் உறுப்பினரும் காசு கொடுத்தே உள்ளே போக வேண்டும், வசூல் தருமத்துக்கு. பெரும் கூட்டத்தை வைத்து நல்ல காரியமும் செய்யலாம் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

நம்மவர்களும் அந்தக் காலரிகளின் கைதட்டலைப் பெற்றிருக்கிறார்கள். 'ஆசியாவின் பெலே' என்று பெயரெடுத்த புங்கம் கண்ணன் இங்கே இரண்டு கிளப்புகளுக்கும் ஆடியவர். 2019 ஏப்ரலில் கொல்கத்தாவிலேயே காலமானார். அவர் காலத்து ஆட்டக்காரருக்குக் கிடைத்த பணம் இன்றைய சட்டை விளம்பரப் பணத்தின் பக்கத்தில் கூட நிற்காது.

16 உயிர்கள்

1980-ம் ஆண்டு ஆகஸ்ட் 16-ந் தேதியைக் கொல்கத்தா மறக்கவில்லை. ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் இதே இரண்டு குழுக்களுக்கும் லீக் ஆட்டம். இரு கட்சி ரசிகர்களும் ஒரே காலரியில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். களத்தில் இரண்டு ஆட்டக்காரர்களுக்குள் தகராறு. இருவரையும் நடுவர் வெளியேற்றினார். அடுத்த கணம் காலரியில் கல்லும் செங்கல்லும் பறந்தன. ஜனங்கள் தப்பிக்க ஓடினார்கள். படிகளிலும் வாசல்களிலும் நெரிசல். 16 பேர் மாண்டார்கள். ஆட்டம் கோல் ஏதும் இல்லாமல் முடிந்தது.

மாண்டவர்கள் யார்? சீட்டு வாங்கி ஆட்டம் பார்க்க வந்த சாதாரண மனிதர்கள். அதன் பிறகு ஆகஸ்ட் 16-ஐக் கால்பந்து ரசிகர் தினமாக வைத்து, ஐ.எஃப்.ஏ. ரத்த தான முகாம் நடத்தி வருகிறது.

இங்கேதான் டிக்கெட்டின் உண்மையான பொருள் விளங்குகிறது. இன்ன ஆள், இன்ன வாசல், இன்ன காலரி, இன்ன ஆசனம் என்று சொல்வதே டிக்கெட். உள்ளே எத்தனை தலை இருக்கிறது என்ற கணக்கும் அதுதான். கள்ளச் சந்தையில் சீட்டுக் கை மாறினால் ஈஸ்ட் பெங்கால்காரன் மோகன் பகான் காலரியில் போய் உட்காருவான். போலிச் சீட்டு வந்தால் ஆயிரம் பேருக்கான இடத்தில் ஆயிரத்து இருநூறு பேர் நிற்பார்கள். இன்று இரு கட்சிக்கும் தனித்தனி வாசல், தனித்தனி காலரி என்று வைத்திருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டைச் சத்தமில்லாமல் உடைப்பது கள்ள டிக்கெட்.

குறைந்துபோன ஆசனங்கள்

ஸால்ட் லேக் மைதானம் 1984 ஜனவரியில் திறக்கப்பட்டபோது ஒரு லட்சத்து இருபதினாயிரம் பேர் உட்காரலாம் என்றார்கள். 1997 ஜூலை 13-ந் தேதி ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் இவ்விரு குழுக்களும் மோதியபோது 1,31,000 பேருக்கு மேல் வந்தார்கள். இந்திய விளையாட்டு வரலாற்றிலேயே பெரும் கூட்டங்களில் ஒன்று அது.

அந்தக் கூட்டத்தைச் சேர்த்தது வாய் விளம்பரம். மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா தம்முடைய 'வைர வியூக'த்தைப் பற்றி நாள்தோறும் பேட்டி கொடுத்தார். எதிர்க்கட்சி ஆட்டக்காரர்களைக் கிண்டல் செய்தார். எதிரே ஈஸ்ட் பெங்கால் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி. பத்திரிகைகளுக்குக் கேட்கவா வேண்டும்? கடைசியில் பைச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்தது. ஒரு காசு செலவில்லாமல் நடந்த விளம்பரத்துக்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது.

2017-ல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காக மைதானத்தைப் புதுப்பித்தார்கள். சிமெண்டுப் படிகளுக்குப் பதிலாக ஆசனங்கள் வந்தன. அந்தப் பணி நடந்தபோதுதான் 2016-ல் அட்லெட்டிகோ டி கொல்கத்தா குழு நம் டாக்குரியா ஏரிக்கரையிலுள்ள ரவீந்திர சரோவர் மைதானத்தில் ஆடியது. புதுப்பித்த பிறகு ஸால்ட் லேக்கில் இடம் சுமார் 68,000 பேருக்குத்தான். பாதுகாப்புக்கு இது நல்லது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆசனம் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது, ஆசை பாதியாகவில்லை. அந்த இடைவெளியில்தான் 'ப்ளாக்கர்' நிற்கிறான்.

"டிக்கெட் லாக்பே?"

டெர்பி நாளில் மைதானத்துக்குப் போகும் வழியில் காதோரமாக இந்தக் கேள்வி கேட்கும். "டிக்கெட் வேண்டுமா?" என்று பொருள். கேட்பவன் நம் முகத்தைப் பார்க்க மாட்டான். தெருவைப் பார்த்தபடியே கேட்பான். விலை நேரத்துக்குத் தகுந்தபடி. ஆட்டம் தொடங்க இரண்டு மணி இருக்கும்போது உச்சம். விசில் ஊதிய பிறகு, வந்த விலைக்குத் தள்ளிவிடுவான்.

அவனுக்குச் சீட்டு எங்கிருந்து வருகிறது? ஒரு பெரும்போட்டியின் டிக்கெட் முழுவதும் பொதுஜன கவுண்டருக்கு வருவதில்லை. கிளப் உறுப்பினர்களுக்கு ஒரு பங்கு. சங்கங்களுக்கு ஒரு பங்கு. விளம்பரம் கொடுத்த கம்பெனிகளுக்கு ஒரு பங்கு. அதிகாரிகள், பிரமுகர்கள் வகையறாவுக்கு இலவசப் பாஸ். இலவசமாக வந்த பாஸுக்கு அடக்க விலை பூஜ்யம். எவ்வளவுக்கு விற்றாலும் லாபம். ஆட்டத்தில் அக்கறை இல்லாதவர் கையில் போன பாஸ் ஒன்று, அவருடைய டிரைவர் வழியாகவோ, தெரிந்தவர் வழியாகவோ தெருவுக்கு வந்து சேருகிறது. ஆகவே ப்ளாக்கரை மட்டும் பிடித்துப் பயனில்லை. அவன் கடைசிக் கை.

இப்போது டிக்கெட் டெலிபோனிலேயே வருகிறது. அதிலும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரே சீட்டின் படத்தை நாலு பேருக்கு அனுப்பி, நாலு பேரிடமும் பணம் வாங்குவது! முதலில் வாசலுக்குப் போனவன் உள்ளே. மற்ற மூவரும் வெளியே. யாரிடம் போய் முறையிடுவது? விற்றவனின் முகமே தெரியாது.

கால்பந்துக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல இது. 2023 நவம்பர் 5-ந் தேதி ஈடன் கார்டன்ஸில் இந்தியா - தென்னாப்பிரிக்கா உலகக் கோப்பைக் கிரிக்கெட் ஆட்டம் நடந்தபோது, கள்ள டிக்கெட் விற்றதாகக் கொல்கத்தா போலீசார் பலரைக் கைது செய்தார்கள். வங்காளக் கிரிக்கெட் சங்கத்தையும், டிக்கெட் விற்ற இணையதளத்தையும் கூட விளக்கம் கேட்டார்கள். விற்பனையின் மேல் முனையையும் கேள்வி கேட்டது நல்ல முன்னுதாரணம்.

ரயில்வேயில் வேலை செய்பவர்களுக்கு இந்த வியாதி பழக்கமானதுதான். முன்பதிவுச் சீட்டை மொத்தமாக வாங்கி விற்கும் தரகர்கள் ஒரு காலத்தில் கவுண்டரையே ஆண்டார்கள். 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143-வது பிரிவு, அனுமதியின்றிச் சீட்டு வாங்கி விற்கும் தொழிலுக்கு மூன்று வருஷம் வரை சிறை என்கிறது. சீட்டில் பெயர், வண்டியில் அடையாள அட்டை என்று வந்த பிறகு பிறத்தியார் சீட்டில் போவது கடினமாயிற்று. வியாதி அடியோடு போய்விட்டது என்று சொல்ல வரவில்லை, மட்டுப்பட்டது. கால்பந்துச் சீட்டிலும் இதைச் செய்ய முடியாதா என்ன?

விலையை ஏற்றினால் தீருமா?

"கள்ளச் சந்தையில் ஐந்நூறுக்குப் போகிறது என்றால் கவுண்டரிலேயே ஐந்நூறு வைத்துவிட்டால் போகிறது" என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா, 2026 உலகக் கோப்பைக்கு ஏறக்குறைய இதைத்தான் செய்தது. தேவைக்குத் தக்கபடி விலை ஏறும் முறையைக் கொண்டுவந்தது. வாங்கிய சீட்டை மறுபடி விற்கத் தானே ஒரு சந்தை திறந்து, விற்பவரிடம் 15 சதவிகிதம், வாங்குபவரிடம் 15 சதவிகிதம் கமிஷன் வைத்தது. பல நாட்டு ரசிகர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன.

கொல்கத்தாவுக்கு இது ஒத்துவராது. இங்கே கால்பந்தை வளர்த்தது 60 பைசா காலரி. கைவண்டி இழுப்பவரும் ஆபீஸ் குமாஸ்தாவும் கல்லூரி மாணவரும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்த இடம். விலையை ஏற்றினால் ப்ளாக்கர் போவான். கூடவே அவர்களும் போய்விடுவார்கள்.

சட்டை மேல் வந்த சாராயம்

அடுத்தது விளம்பரம். 1998-ல் ஒரு வேடிக்கை நடந்தது. விஜய் மல்லையாவின் யு.பி. நிறுவனம் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் இரண்டிலும் பங்குதாரராக வந்து சேர்ந்தது. ஒன்று 'மெக்டவல் மோகன் பகான்' ஆயிற்று. மற்றது 'கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால்' ஆயிற்று. ஒன்று சாராயத்தின் பெயர், மற்றொன்று பீரின் பெயர். காலரியில் இருவரும் பரம விரோதிகள். சட்டையைக் கொடுத்த முதலாளி ஒருவரே! யார் ஜெயித்தாலும் அவருக்கு ஜெயம்.

டெலிவிஷனில் மதுபான விளம்பரம் கூடாது என்று சட்டம் சொல்லியது. ஆட்டக்காரரின் மார்பில் எழுதினால் அது விளம்பரமாகக் கணக்கில்லை போலும். குடிக்காத வீட்டுப் பிள்ளைகளும் அந்தப் பெயரைச் சொல்லி ஜெயகோஷம் போட்டார்கள். ஆனாலும் ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆட்டக்காரர்களுக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கக் கிளப்புகளுக்குப் பணம் வேண்டும். அந்தப் பணம் டிக்கெட் வசூலில் மட்டும் வராது.

பின்னர் கம்பெனிகள் மாறின. ஈஸ்ட் பெங்கால் பெயரோடு குவெஸ், ஸ்ரீ சிமெண்ட், இமாமி என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. மோகன் பகான் 2020-ல் கோயங்கா நிறுவனத்தின் ஏ.டி.கே.யோடு இணைந்து 'ஏ.டி.கே. மோகன் பகான்' ஆயிற்று. ரசிகர்களுக்கு இது பொறுக்கவில்லை. நூற்றாண்டு கடந்த பெயருக்கு முன்னால் இன்னொரு பெயரா? மூன்று ஆண்டுகள் விடாமல் எதிர்ப்புக் காட்டினார்கள். 2023-ல் ஏ.டி.கே. என்ற எழுத்துகள் நீங்கின. விளம்பரதாரரைச் சாதாரண ரசிகன் பணிய வைத்த அபூர்வ சம்பவம் இது.

2020 மார்ச் 14-ந் தேதி நடந்த ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டம் நமக்கு இரட்டைச் சுவாரஸ்யம், ஏ.டி.கே.யும் சென்னையின் எஃப்.சி.யும் மோதின. கோவாவில் ஆட்டம். கொரோனா பயத்தால் ஒரு ரசிகரைக் கூட உள்ளே விடவில்லை. கொல்கத்தா 3-1 என்று ஜெயித்தது, கைதட்ட ஆளில்லை. டிக்கெட் வசூல் பூஜ்யம். ஆனால் டெலிவிஷனில் விளம்பரம் ஓடியது. ரசிகன் இல்லாமலும் வியாபாரம் நடக்கும் என்று அன்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம்.

அது தவறு என்று 2025 காட்டியது. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2010-ல் வியாபார உரிமையை 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்திருந்தது. அது முடியும் தறுவாயில், அடுத்த ஒப்பந்தத்துக்கு ஏலம் கேட்டது. 2025 நவம்பரில் கெடு முடிந்தபோது ஒரு கம்பெனி கூட ஏலத்துக்கு வரவில்லை! லீக் ஆட்டம் மாதக் கணக்கில் தொடங்காமல் நின்றது. விளம்பரப் பணத்தை மட்டும் நம்பிக் கட்டிய வீட்டின் கதி இது.

பந்தயம்: இலிஷ் மீனிலிருந்து செல்போன் வரை

தெருவில் நடக்கும் பந்தயத்தில் பெரிய தீங்கு இல்லை. தோற்ற கட்சிக்காரன் ஜெயித்தவனுக்கு மீன் வாங்கித் தர வேண்டும். அல்லது மீசையை எடுக்க வேண்டும். மறுநாள் இருவரும் ஒரே கடையில் டீ குடிப்பார்கள்.

பணம் வைத்து ஆடும் பந்தயம் வேறு. மேற்கு வங்கத்தில் 1957-ம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் அதைத் தடுக்கிறது. இருந்தும் சீட்டு எழுதும் ஆட்கள் மறைவாகத் தொழில் நடத்தினார்கள். செல்போன் வந்ததும் அந்த ஆள் சட்டைப் பைக்குள்ளேயே குடியேறிவிட்டான். 'உங்கள் குழுவை நீங்களே அமையுங்கள், கோடி ரூபாய் பரிசு' என்று ஆட்டத்தின் இடைவேளை தோறும் விளம்பரம். விளம்பரமும் பந்தயமும் கைகோத்துக்கொண்டன.

பந்தயம் நடத்துபவன் எப்படிச் சம்பாதிக்கிறான்? உதாரணத்துக்கு ஒரு கணக்கு. மூன்று பேர் ஆளுக்கு 100 ரூபாய் கட்டுகிறார்கள். ஒருவர் மோகன் பகான் ஜெயிக்கும் என்கிறார். இன்னொருவர் ஈஸ்ட் பெங்கால். மூன்றாமவர் சமநிலை. வசூல் 300. எது நடந்தாலும் ஜெயித்தவருக்கு 270 கொடுப்பான். 30 அவனுக்கு. அவனுக்கு எந்தக் கட்சியும் சொந்தமில்லை. இலிஷும் வேண்டாம், இறாலும் வேண்டாம்.

இதையே தொடர்ந்து ஆடினால் என்ன ஆகும்? ஒவ்வொரு சுற்றிலும் சராசரியாக நூற்றுக்குப் பத்து போகிறது என்று வையுங்கள். 1,000 ரூபாயோடு தொடங்கி, கையில் இருப்பதை எல்லாம் பத்துத் தடவை கட்டினால், கணக்குப்படி மிஞ்சுவது சுமார் 350 ரூபாய். இடையில் ஒருவன் ஜெயித்த செய்தி ஊரெல்லாம் பரவும். தோற்ற ஒன்பது பேர் வெளியே சொல்ல மாட்டார்கள்.

நம் தமிழ்நாடு, பல குடும்பங்கள் அழிந்த பிறகு, ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2023 ஏப்ரலில் அதற்கு ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. மத்திய அரசு 2025 ஆகஸ்டில் நாடு முழுவதுக்கும் சட்டம் இயற்றியது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நடத்தினால் மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தால் இரண்டு வருஷம் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். ஆடி ஏமாந்தவரைத் தண்டிக்கவில்லை, அது நியாயம். பின்னிருந்து நடத்துபவர்களைப் பிடிப்பதில்தான் சட்டத்தின் வெற்றி இருக்கிறது.

பந்தயப் பணம் பெருகினால் ஆட்டமே விலைக்குப் போகும். இதில் நாம் தலைகுனிய வேண்டிய ஒரு பெயரும் உண்டு. சிங்கப்பூரைச் சேர்ந்த வில்சன் ராஜ் பெருமாள் 2011-ல் ஃபின்லாந்தில் பிடிபட்டார். ஆட்டக்காரர்களுக்கு லஞ்சம் கொடுத்து ஆட்ட முடிவுகளை மாற்றிய குற்றத்துக்கு அங்கே இரண்டு வருஷ சிறைத் தண்டனை பெற்றார். முடிவு முன்பே எழுதப்பட்டது என்றால், டிக்கெட் வாங்கி மழையில் நனைந்து பார்ப்பவன் வெறும் ஏமாளி.

போலீஸ் இல்லையேல் ஆட்டம் இல்லை

எத்தனை டிக்கெட் விற்றாலும் கடைசி வார்த்தை போலீசாருடையது. 2025 ஜனவரி 11-ந் தேதி டெர்பி கொல்கத்தாவில் நடக்கவில்லை. அதே சமயம் கங்காசாகர் மேளா. நம் சியால்டா தெற்குப் பாதையில் யாத்ரீகர் வெள்ளம். இரண்டுக்கும் காவல் போட இயலாது என்றார்கள். ஆட்டம் குவாஹாத்திக்குப் போயிற்று. மோகன் பகான் 1-0 என்று ஜெயித்தது. கூட்டத்துக்குத் தக்க காவல் இல்லாவிட்டால் ஆட்டத்தை மாற்றுவதே சரி. 1980 கற்பித்த பாடம் அது.

ஆனால் அதே ஆண்டு டிசம்பர் 13-ந் தேதி அந்தப் பாடம் மறந்துபோயிற்று. அர்ஜென்டினாவின் மெஸ்ஸி ஸால்ட் லேக்குக்கு வந்தார். ஆட்டம் கூட இல்லை, வெறும் தரிசனம். அதற்கு ஆயிரக் கணக்கில் டிக்கெட் விலை. மாதச் சம்பளத்தில் பெரும் பகுதியைக் கொடுத்து வாங்கியவர்களும் உண்டு. களத்தில் அவரைப் பிரமுகர்களும் போட்டோகாரர்களும் சூழ்ந்துகொண்டார்கள். காலரிக்கு அவர் கண்ணில் படவே இல்லை. சிறிது நேரத்தில் அவர் போய்விட்டார். ஜனங்கள் கொதித்து ஆசனங்களைப் பெயர்த்து வீசினார்கள், பாட்டில்கள் பறந்தன, களத்துக்குள் புகுந்தார்கள். ஏற்பாட்டாளர் கைதானார். முதலமைச்சர் மன்னிப்புக் கேட்டார்.

ஆசனத்தைப் பெயர்த்தது சரி என்று சொல்ல முடியாது. ஆனால் காரணத்தை யோசிக்க வேண்டும். பணம் கொடுத்தவன் காலரியில். பாஸில் வந்தவன் களத்தின் நடுவில். கள்ள டிக்கெட்டுக்கும் இதற்கும் வேர் ஒன்றே: இலவசப் பாஸும் கணக்கில்லாத அனுமதியும்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, ஒவ்வொரு பெரும்போட்டிக்கும் எத்தனை டிக்கெட், யார் யாருக்கு எத்தனை, இலவசம் எத்தனை என்பதை ஆட்டத்துக்கு முன்பே பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். இதற்குச் செலவு இல்லை. மனம் இருந்தால் போதும்.

இரண்டாவது, பாஸ் உட்பட எல்லாச் சீட்டிலும் பெயர் வேண்டும். வர முடியாதவர் வாங்கிய விலைக்கே திருப்பிக் கொடுக்கக் கிளப்பிலேயே ஒரு ஜன்னல் வேண்டும்.

மூன்றாவது, காலரியில் ஒரு பகுதியைக் குறைந்த விலைக்கு நிரந்தரமாக ஒதுக்க வேண்டும். கால்பந்தை வளர்த்தவர்களுக்கு அது பிச்சை அல்ல, பாத்தியதை.

ரசிகர்கள் வெறும் வாடிக்கைக்காரர்கள் அல்ல. 2024 ஆகஸ்ட் 18-ந் தேதி டூராண்ட் கோப்பை டெர்பி ரத்தானது. ஆர்.ஜி.கர் மருத்துவமனைக் கொடுமையால் நகரமே கொந்தளித்திருந்த சமயம். அன்று மாலை இரு கிளப் ரசிகர்களும் சேர்ந்து மைதானத்துக்கு வெளியே நின்று நியாயம் கேட்டார்கள். சிவப்பு - மஞ்சளும் பச்சை - மெரூனும் ஒன்றாக நின்ற காட்சியைக் கொல்கத்தா அதற்கு முன் அதிகம் கண்டதில்லை. அந்த ஒற்றுமை டிக்கெட் விஷயத்திலும் வந்தால், கேட்காமல் இருக்க எந்தச் சங்கத்தாலும் முடியாது.

நம் தமிழன்பர்களுக்கு ஒரு வார்த்தை. டெர்பியை ஒரு தடவையாவது மைதானத்தில் பாருங்கள்; பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். அதிகாரபூர்வக் கவுண்டரிலோ இணையதளத்திலோ மட்டும் வாங்குங்கள். எந்தக் காலரி யாருக்கு என்று கேட்டு, உங்கள் கட்சிக் காலரிக்கே சீட்டு எடுங்கள். தெருவில் காதோரம் கேட்கும் குரலுக்குக் காது கொடுக்காதீர்கள். டிக்கெட் கிடைக்காவிட்டால் பரவாயில்லை. பக்கத்து வீட்டு டெலிவிஷன் முன்னால் நாலு பேரோடு உட்கார்ந்து பாருங்கள். பந்தயம் வைக்க ஆசையா? இலிஷா, இறாலா என்று வையுங்கள். மீன் சாப்பிடாதவர்கள் மசால் தோசைக்கு வைத்துக்கொள்ளலாம்!